உதவியாளர் விட்ட பிழைக்கும் கைரோபிராக்டரே பொறுப்பு

ஆசிரியருக்கு,

வணக்கம். முள்ளந்தண்டு, மூட்டுகளுக்குக் கையால் சிகிச்சை செய்பவர் கைரோபிராக்டர். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்திலுள்ள அவர்களுடைய கிளினிக்குகளுக்கு முதுகுவலி, கழுத்துவலி என்று போய்வரும் நம்மவர்கள் ஏதாவது பிழை நடந்தால் சொல்லும் வசனம் ஒன்றுண்டு: “டொக்டர் நல்ல மனுசன், அங்க நிக்கிற பிள்ளைதான் பிழை விட்டது.” எத்தனையோ முறைப்பாடுகள் இந்த வசனத்தோடு எழுதப்படாமலே போய்விடுகின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தைப் பார்த்தால் இது பொறுப்பைத் தவறான ஆளின் தலையில் கட்டும் பேச்சு.

1991இல் இயற்றப்பட்ட ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்கள் சட்டமும், அதே ஆண்டின் கைரோபிராக்டிக் சட்டமும்தான் இங்கே அடிப்படை. அவற்றின் கீழ் இயங்குவது ஒன்ராறியோ கைரோபிராக்டர்கள் கல்லூரி. ‘கல்லூரி’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அங்கே யாரும் படிப்பதில்லை. படிப்பிக்கும் இடம் கனேடிய மெமோரியல் கைரோபிராக்டிக் கல்லூரி. ஒன்ராறியோ கைரோபிராக்டிக் சங்கம் என்பது தொழில் செய்வோரின் நலனுக்கான அமைப்பு. பதிவு கொடுப்பதும், பறிப்பதும், முறைப்பாட்டை விசாரிப்பதும் முதலில் சொன்ன கல்லூரி மட்டுமே. மற்ற இரண்டுக்கும் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வீண்வேலை.

அந்தக் கல்லூரியின் அதிகாரம் பதிவுபெற்ற கைரோபிராக்டர்கள் மீதுதான். முன்மேசையில் இருப்பவர், சூடு வைப்பவர், வலிக்குச் சிறு மின்சாரம் செலுத்தும் மின்தூண்டல் கருவியின் ஒட்டுகளைப் பொருத்துபவர் ஆகிய உதவியாளர்களுக்கு ஒன்ராறியோவில் தனியான பதிவேடு இல்லை, பரீட்சை இல்லை, ஒழுங்காற்றுக் குழுவும் இல்லை. ஆகவே “உதவியாளர் இப்படிச் செய்தார்” என்று எழுதினால் அதை ஏற்று விசாரிக்க அங்கே ஆளில்லை. “பதிவுபெற்ற கைரோபிராக்டர் இன்னார், இந்தத் திகதியில், தன் பொறுப்பிலிருந்த வேலையை இன்னாரிடம் விட்டார், மேற்பார்வை செய்யவில்லை, இந்தக் காயம் ஏற்பட்டது” என்று எழுதினால் விசாரிக்க முடியும். தொழிலின் தரத்தைப் பேணத் தவறுவது, கைரோபிராக்டிக் சட்டத்தின் கீழான 852/93 என்ற ஒழுங்குவிதி தொழில் ஒழுங்கீனமாக வரையறுக்கும் செயல்களில் ஒன்று. சட்டத்துக்கு மாறாகப் பிறரிடம் ஒப்படைப்பதும் அதே பட்டியலில் உண்டு.

சாதாரணமாக நடக்கும் ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம். கிளினிக்குகளில் வைக்கும் வெப்பப் பொதிகள் ஏறக்குறைய 70 பாகை செல்சியஸ் சுடுநீர்த் தொட்டியில் ஊறிக் கிடப்பவை. தோலுக்கும் பொதிக்கும் இடையில் ஆறு முதல் எட்டு மடிப்புத் துவாய் இருக்க வேண்டும். பொதியை ஆளுக்கு மேலே வைக்க வேண்டும். கட்டிலில் பொதியைப் போட்டு அதன்மேல் ஆளைப் படுக்கவிட்டால், உடற்பாரத்தில் துவாய் நசிந்து, அதிலுள்ள காற்று வெளியேறி, சூடு நேராகத் தோலில் இறங்கும். ஐந்து நிமிடத்தில் துவாயைத் தூக்கித் தோலைப் பார்க்க வேண்டும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் போதும். நீரிழிவால் உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்து, நோயாளியின் கோவையில் (ஃபைலில்) குறித்து, பிறகே சூடு வைக்கச் சொல்ல வேண்டியவர் கைரோபிராக்டர். நாலு அறைக்கு ஒரு உதவியாளரை ஓடவிட்டு, அறையில் கூப்பிட மணியும் வைக்காமல் விட்டால் பிழை எங்கே தொடங்குகிறது என்று சொல்லத் தேவையில்லை. மின்தூண்டல் கருவிக்கும் இதே கதைதான். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியிருக்கிறீர்களா, கர்ப்பமா என்று கேட்காமல் ஒட்டு ஒட்டக் கூடாது. கழுத்தின் முன்பக்கத்தில் ஒட்டவே கூடாது.

இனி, உதவியாளர் கைவைக்கவே கூடாத இடம். முள்ளந்தண்டு மூட்டுகளை அவற்றின் வழக்கமான அசைவெல்லைக்கு அப்பால், விரைவான, சிறிய வீச்சுள்ள உந்தலால் நகர்த்துவதை ஒன்ராறியோச் சட்டம் ‘கட்டுப்படுத்தப்பட்ட செயல்’ என்று வகுத்திருக்கிறது. நாம் “நெட்டி முறிக்கிறது” என்று சாதாரணமாகச் சொல்வது அதைத்தான். அனுமதியில்லாத ஒருவர் அதைச் செய்தால், முதல் தடவையே 25,000 டொலர் வரை தண்டம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். “டொக்டர் பிஸி, நான் மெதுவாச் செய்துவிடுறன்” என்று உதவியாளர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

நோய் நிர்ணயத்தை நோயாளிக்கு அறிவிப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட செயலே என்பது பலருக்குத் தெரியாது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “உங்கட டிஸ்க் விலகிட்டுது, முப்பது தரம் வரவேணும்” என்று முன்மேசையில் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு ஆகாது. அதைக் கேட்டு நோயாளி சிகிச்சை பற்றி முடிவெடுப்பார் என்பதால்தான் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது.

நம் சமூகத்தில் இது இன்னும் சிக்கலாவது மொழியால். கைரோபிராக்டர் ஆங்கிலத்தில் பேச, தமிழ் தெரிந்த உதவியாளர் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மொழிபெயர்க்கிறார். மொழிபெயர்ப்பதில் தவறில்லை. ஆனால் 1996இன் சுகாதாரப் பராமரிப்புச் சம்மதச் சட்டப்படி, சிகிச்சை என்ன, அதனால் எதிர்பார்க்கும் பயன் என்ன, முக்கியமான ஆபத்துகள் எவை, பக்கவிளைவுகள் எவை, வேறு வழிகள் என்ன, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற ஆறும் நோயாளிக்குப் புரிந்திருக்க வேண்டும். சம்மதம் உண்டென்று உறுதிசெய்யும் கடமை சிகிச்சையை முன்மொழிபவருடையது. ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் “ஒண்டுமில்லை அம்மா, இதில ஒரு கையெழுத்து” என்று சுருங்கினால் அது சம்மதமாகாது. கழுத்தில் உந்தல் கொடுக்கும் சிகிச்சைக்கு, அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்தோடு தொடர்பு பேசப்படுகிறது. அதைத் தமிழில் சொல்லியே ஆக வேண்டும். திடீரென்று வந்த, முன்பு அனுபவித்திராத கழுத்துவலி அல்லது தலையிடி, தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கக் கஷ்டம், நடையில் தள்ளாட்டம், முகத்தில் விறைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தைத் தொடவிடாமல் 911ஐ அழைக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த சம்மதத்தை எந்த நேரத்திலும், கட்டிலில் படுத்திருக்கும்போதுகூட, திருப்பி எடுக்கலாம்.

காசு விடயத்துக்கு வருவோம். கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு ஓஹிப் எனப்படும் மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதி பணம் கொடுப்பது 2004 டிசம்பரோடு நின்றது. அதன் பிறகு கட்டணம் வருவது நம் பையிலிருந்து, வேலைத்தலக் காப்புறுதியிலிருந்து, அல்லது வாகனக் காப்புறுதியிலிருந்து. விபத்துக்குப் பின் நிரப்பும் ஓ.சி.எஃப்-18 என்ற சிகிச்சைத் திட்டப் படிவத்தில் எந்தச் சிகிச்சை, யார் செய்வார், எத்தனை தடவை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்புவதும், ஒரே நாளில் வந்து பத்து நாள் வரவுத்தாளில் ஒப்பமிடச் சொல்வதும் இந்த வரிகளை வீங்க வைக்கத்தான். ‘சிறு காயம்’ என்று வகைப்படுத்தப்பட்டவருக்கு மருத்துவ, மறுவாழ்வு உச்சவரம்பு 3,500 டொலர். நீங்கள் போகாத தடவைகளுக்கான பணமும் அதே 3,500இலிருந்துதான் கழியும். மூன்றாம் மாதம் வலி கூடும்போது கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. பொய்க் கணக்கை அறிந்தே அனுப்புவதும், பொய் விபரமுள்ள ஆவணத்தில் ஒப்பமிடுவதும் கைரோபிராக்டருக்குத் தொழில் ஒழுங்கீனம். “பில்லிங் எல்லாம் ஒபிஸ் பிள்ளை பார்க்கிறது” என்பது பதிலாகாது, ஏனென்றால் கணக்குப் போவது அவருடைய பெயரிலும் பதிவெண்ணிலும்தான். கிளினிக்கின் உரிமையாளர் கைரோபிராக்டரே இல்லாத இடங்களும் உண்டு. வாகனக் காப்புறுதி நிறுவனத்திடம் நேரே பணம் வாங்கும் கிளினிக்குக்கு உரிமம் கொடுப்பது எஃப்.எஸ்.ஆர்.ஏ. எனப்படும் நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையம். கிளினிக்கின் கணக்கு மோசடியை அங்கேயும் முறையிடலாம்.

மொத்தமாக முன்பணம் வாங்குவதற்கும் விதி உண்டு. ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கட்டும் வாய்ப்பைத் தர வேண்டும். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும். பாவிக்காத மீதியைத் திருப்பித் தர உடன்பட வேண்டும். 24 தடவைக்கு 960 டொலர் என்றால் தடவைக்கு 40. ஒன்பது தடவை போய் நிறுத்தினால் கழிப்பது 360, திரும்ப வர வேண்டியது 600. “இடையில் நிறுத்தினால் கழிவு விலை இல்லை, தடவைக்கு 60 கணக்கு” என்று 420ஐ நீட்டினால், எழுதித் தந்த அலகு விலையைக் காட்டுங்கள். அதனால் அதை எழுத்தில் வாங்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

முதுகு உருவியவர் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் தனித்தனிக் கல்லூரிகள் உண்டு. அவர்கள் மீதான முறைப்பாடு அங்கே போக வேண்டும். உருவியது உதவியாளர், ரசீது அன்று வராத மசாஜ் சிகிச்சையாளரின் பெயரில் என்றால் அது பொய் ரசீது. சப்பாத்துக்குள் வைக்கும் விசேட பாத உள்ளணை என்று எழுதிவிட்டுச் சாதாரணச் சப்பாத்து கொடுப்பதும் அப்படியே. இதில் நோயாளியும் தப்ப மாட்டார். ரொறன்ரோ போக்குவரத்து ஆணையத்தில் 2014இல் தொடங்கிய காப்புறுதி மோசடி விசாரணையால் இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தார்கள் அல்லது தாமாக விலகினார்கள்.

பாலியல் அத்துமீறலைப் பற்றி வெட்கப்படாமல் பேச வேண்டும். தொடுகை மட்டுமல்ல, பாலியல் நோக்குள்ள பேச்சும் சட்டத்தில் அடங்கும். சிகிச்சை முடிந்து ஓராண்டு வரை நீங்கள் இந்தச் சட்டத்தின் கண்ணில் நோயாளிதான், எனவே “இப்ப அவ என்ர பேஷண்ட் இல்லை” என்பது எடுபடாது. பாரதூரமானவற்றுக்குப் பதிவை நீக்கியே ஆக வேண்டும். மீண்டும் கேட்க ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். இன்னொரு சுகாதாரத் தொழிலர் இப்படி நடந்தார் என்று நம்ப நியாயமான காரணம் கிடைத்த பதிவுபெற்றவர் 30 நாளுக்குள் அறிவிக்கக் கடமைப்பட்டவர். தவறு செய்தவர் உதவியாளர் என்றால் நேரே பொலிஸ். அறிந்தும் அவரை வேலையில் வைத்திருந்த கைரோபிராக்டரைப் பற்றிக் கல்லூரிக்கும் எழுதலாம்.

முறைப்பாடு எழுத்தில் அல்லது ஒலிப்பதிவில் இருக்கலாம். தொலைபேசியில் சொல்லிவிட்டு வைப்பது போதாது. முதலில் கிளினிக்கிடம் உங்கள் கோவையின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதிலளிக்க வேண்டும். பெரியவர்களுடைய கோவையைக் கடைசி வருகையிலிருந்து ஏழாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் “அழிச்சுப்போட்டம்” என்பதை இலகுவில் ஏற்காதீர்கள். முறைப்பாடு கிடைத்து 14 நாளுக்குள் கைரோபிராக்டருக்கு அறிவித்தல் போகும். பதில் சொல்ல அவருக்குக் குறைந்தது 30 நாள். விசாரணைக் குழு 150 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். இழுபட்டால் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். முடிவு எச்சரிக்கையாகவோ, கட்டாய மேற்படிப்பாகவோ, ஒழுங்காற்றுக் குழுவுக்கு அனுப்புவதாகவோ இருக்கலாம். ஒழுங்காற்றுக் குழு கண்டித்து விடலாம், இடைநிறுத்தலாம், பதிவை நீக்கலாம், 35,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். அந்தப் பணம் போவது மாகாணத் திறைசேரிக்கு. உங்களுக்கு நட்டஈடு வேண்டுமென்றால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். விசாரணைக் குழு முறைப்பாட்டைத் தள்ளிவிட்டால் 30 நாளுக்குள் சுகாதாரத் தொழில்கள் மேன்முறையீட்டு மீளாய்வுச் சபையைக் கேட்கலாம். அந்த முப்பது நாளைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம்.

கடைசியாக உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். கிளினிக் விளம்பரங்களில் கட்டடத்தின் படமும் “விபத்தா? உடனே அழையுங்கள்” என்ற பெரிய எழுத்தும் இருக்கின்றன, சிகிச்சை செய்பவரின் பெயரைக் காணவில்லை. கல்லூரியின் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தது. எச்சரிக்கை, இடைநிறுத்தம், நிபந்தனை எல்லாம் அதில் தெரியும், ஆனால் ஆளின் பெயர் தெரிந்தால்தான் தேட முடியும். கைரோபிராக்டரின் பதிவுப் பெயர் இல்லாத விளம்பரத்தையும், “குணம் நிச்சயம்” என்று உத்தரவாதம் தரும் விளம்பரத்தையும் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
ஸ்காபரோ