மூலைக் கிடங்கு உள்ளரங்கப் பண்ணை: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

நம் பழைய வீதியின் மூலைக் கிடங்கை, மண்ணில்லாமல் சத்து கலந்த நீரில் விளக்கொளியில் செடி வளர்க்கும் பண்ணையாக்க எடுத்துக்கொண்ட வேலை முடிந்துவிட்டது. செடிகள் வளர்கின்றன, அறுவடை நடக்கிறது, சுவரும் காய்ந்திருக்கிறது. அந்தச் சுவர்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது. அதனால் இந்த அறிக்கையில் செடியைவிடச் சுவரைப் பற்றிய பேச்சே கூடுதலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

கிடங்கு செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விட்டுவிடும். ஆனால் எப்போதோ யாரோ மராமத்து என்ற பெயரில் இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல் சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே போய் உப்பாகப் பூத்திருந்தது. முதல் நாள் பார்க்க வந்த மூத்த உறுப்பினர் ஒருவர் அங்கே நகத்தால் லேசாகச் சுரண்டினார். செங்கல் மாவாக உதிர்ந்து அவர் செருப்பில் விழுந்தது. “முதல்ல இதைப் பாருங்க, அப்புறம் செடி வைக்கலாம்” என்றார்.

அப்படியே செய்தோம். சிமென்ட்டை இயந்திரம் வைத்துப் பெயர்க்காமல் உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்பே பூசினோம். “இன்னும் எவ்வளவு நாள்?” என்று பலர் கேட்டீர்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். அதை அவசரப்படுத்த முடியாது. ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததைப் பூசினால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். காத்திருந்ததில் எங்களுக்கும் எரிச்சல்தான்.

அடுத்து எடை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். மரத் தூலத்தின் மேல் நிற்கும் மாடித் தளத்தில் அதை ஏற்றும் யோசனையைக் கட்டடப் பொறியாளர் முதல் பேச்சிலேயே தள்ளிவிட்டார். தண்ணீர்த் தொட்டியும் செடி அடுக்குகளும் தரைத்தளத்தில் இருக்கின்றன. மாடியில் நாற்றுத் தட்டுகள் மட்டும்தான். எந்த அடுக்கும் சுவரில் ஆணியடித்து நிற்கவில்லை. பழைய கட்டடத்தைப் பொதுப்பயனுக்குக் கொடுக்கலாம், ஆனால் அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்கிறது பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். நாளைக்கே பண்ணை வேண்டாம் என்றாலும் அடுக்குகளைக் கழற்றி எடுத்துப் போய்விடலாம்.

எல்லாம் சரி என்று நினைத்து விளக்கைப் போட்டோம். பகலில் 16 மணி நேரம் ஒளி, இரவில் இருட்டு. ஒரு விடியற்காலை கதவைத் திறந்தபோது தூலத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஏறிப் பார்த்தால் ஓடெல்லாம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் வந்தது செடியிலிருந்து. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இலை வழியே ஆவியாகிவிடுகிறது. விளக்கு அணைந்து அறை குளிர்ந்ததும் அந்த ஆவி, குளிர்ந்த சுவரிலும் மரத்திலும் நீராகப் படிகிறது. வெளியிலிருந்து வந்த ஓதத்தைத் துரத்திவிட்டு, உள்ளேயே புதிதாக ஒன்றை உண்டாக்கியிருந்தோம்!

இதைத் திட்டத்திலேயே யோசித்திருக்க வேண்டும். தவறு குழுவுடையது. இப்போது சுவரைத் தொடாமல் நாலாபுறமும் இடைவெளி விட்டு, அறைக்குள் அறையாகத் தடுப்பு கட்டியிருக்கிறோம். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் சேர்க்கும் நீர் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. விளக்கு நேரத்தையும் மாற்றிவிட்டோம். குளிர்கிற இரவில் விளக்கு எரிகிறது, அதன் சூடே அறையைக் காக்கிறது. வெளியே வெயில் இருக்கும் நேரத்தில் செடி இருட்டில் இருக்கிறது.

இரவில் விளக்கு எரிய ஆரம்பித்ததும் வேறொரு புகார் வந்தது. சிவப்பும் நீலமும் கலந்த எல்.இ.டி. ஒளி ஜன்னல் வழியே கசிந்து, வீதியையே ஊதாவாக்கியது. அண்டை வீட்டார் சொன்னது நியாயம். வெள்ளை எல்.இ.டி.க்கு மாறினோம், தடித்த திரையும் போட்டோம். வெள்ளை ஒளியில் இலையின் மஞ்சளும் பூச்சியும் உடனே கண்ணில் படுகின்றன, அது கூடுதல் லாபம்.

வளர்ப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேருக்குச் சத்து கொடுக்கும் கரைசலின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்க வேண்டும், தினமும் பார்க்கிறோம். கரைசல் 25 டிகிரிக்கு மேல் சூடானால் அதில் ஆக்சிஜன் குறைந்து வேர் அழுகும். ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டோம். விதைத்ததிலிருந்து ஆறேழு வாரத்தில் லெட்டூஸ் (சாலட் கீரை) அறுவடைக்கு வருகிறது.

பேட்டை முழுவதற்கும் இதிலிருந்தே உணவு வருமா என்று கேட்கிறவர்களுக்கு: வராது. தானியத்தை விளக்கில் விளைவித்துக் கட்டுப்படியாகாது. இலைப் பயிர்தான் முடியும். அரிசோனாவை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிலோ லெட்டூஸுக்கு வயலில் சுமார் 250 லிட்டர் நீரும், பசுமைக்குடிலில் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண்ணில்லாமல் நீரில் வளர்த்தால், சுமார் 20 லிட்டரும் ஆனது. ஆனால் ஆற்றல் வயலைவிடச் சுமார் 82 மடங்கு வேண்டியிருந்தது. நம்முடையதில் சூரிய ஒளியே கிடையாது. ஆகவே மின்கட்டணம்தான் இனி நம் பெரிய செலவு. மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. பின்பக்க ஜன்னல் கீல் ஒன்று பாக்கி. வடக்குச் சுவரின் ஈரத்தை ஒரு வருடத்துக்கு மாதம் ஒருமுறை அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. ஈரம் அளக்கும் மீட்டர், அலுவலக மேசையின் இழுப்பறையில் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு