போர்ட் போச்சு என்பதற்கு முன் ஒரு பவர் சப்ளையை மாட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் கொம்பியூட்டர் போட்டதும் அணைந்து போகிறது, கடையில் மதர்போர்ட் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகை) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று வெள்ளவத்தை வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் கேட்டிருந்தார். அவசரப்பட வேண்டாம். நான் கொட்டாஞ்சேனையில் போட்டோ கொப்பியும் டைப்செட்டிங்கும் செய்யும் சின்னக் கடை வைத்திருப்பவன். கொம்பியூட்டர் திருத்துவது என் தொழில் இல்லை, ஆனால் இந்த வியாதியோடு பல வருசப் பழக்கம். நல்ல போர்டுகள் வீணாகக் கழற்றி வீசப்படுவதைப் பார்த்துச் சலித்துப் போய்த்தான் எழுதுகிறேன்.

முதலில் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. போட்டதிலிருந்து எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். கடைக்காரர் இதை உங்களிடம் கேட்கவில்லை என்றால் அந்தக் கடையில் பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

நாலைந்து செக்கன் ஓடி, ஒவ்வொரு தடவையும் அதே கணக்கில் அணைகிறதா? முன்பக்கப் பவர் பட்டனைச் சந்தேகப்படுங்கள். பட்டனை 4 செக்கன் அழுத்திப் பிடித்தால் இயந்திரம் வலுக்கட்டாயமாக அணைய வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால், யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாகப் போர்ட் எடுத்துக்கொள்ளும். பட்டனிலிருந்து போர்டுக்குப் போகும் இரட்டை வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூட்ரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் இயந்திரம் எழும்பும், எழும்பி நிற்காமல் ஓடினால் கோளாறு பட்டனில்தான். ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் மாட்டிவிட்டு வருசக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போட்ட கையோடு ஃபேன் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு நின்றால் அது வேறு கதை, எங்கேயோ ஷோர்ட், அதாவது கரண்ட் போகக்கூடாத வழியில் போகிறது. போர்டுக்கு அடியில் விழுந்து கிடக்கும் ஒரு திருகாணி, முன்பக்க யு.எஸ்.பி துளைக்குள் வளைந்து ஒட்டிக்கொண்ட தகடு, உள்ளே போய்ச் செத்த பல்லி, எல்லாமே இதைச் செய்யும். இந்த நேரத்தில் பவர் சப்ளை, அதாவது பெட்டிக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பாகம், தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்ளும், பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால்தான் மறுபடி அசையும். ஹார்ட் டிஸ்க், கார்டுகள், யு.எஸ்.பி எல்லாவற்றையும் கழற்றி, புரொசசரும் (இயந்திரத்தின் மூளை) அதன் ஃபேனும் ஒரேயொரு ராமும் (நினைவகப் பட்டை) மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஓடினால், கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டும்போது குற்றவாளி தானே அகப்படும். சில போர்டுகளில் ராம் சரியாக உட்காராவிட்டாலும் இப்படித்தான் எழும்பி எழும்பி விழும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருப்பவர்கள் ராமை உருவி, அதன் பொன்நிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். உப்புக் காற்று வீட்டு ஜன்னல் கொக்கியைச் செய்வதைத்தான் அதற்கும் செய்கிறது.

பத்து நிமிடம், கால் மணித்தியாலம் ஓடி அணைந்து, உடனே திரும்பப் போட்டால் இன்னும் சீக்கிரமாக அணைகிறதென்றால் அது பெரும்பாலும் சூடு. புரொசசர் 100 பாகையை ஒட்டிப் போனதும் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதையும் தாண்டினால் தான் எரிந்து போகாமல் இருக்க இயந்திரத்தையே நிறுத்திவிடும். எங்கள் கடையில் நடந்தது இதுதான். பிள்ளைகள் பரீட்சை விண்ணப்பம் அடிக்க வரிசையில் நிற்கும் காலம், இயந்திரம் பாதியில் பாதியில் விழுகிறது. நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால், மூடியைக்கூட முழுதாகத் திறக்காமல் "போர்ட் போச்சு அண்ணே, இந்த மொடலுக்குச் சாமானும் இல்லை, புதுசு எடுங்க" என்றார்கள். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் டோர்ச் அடித்துப் பார்த்தான். புரொசசர் மேலிருக்கும் ஃபேனுக்கு நாலு பிளாஸ்டிக் கால்கள், அதில் ஒன்று மட்டும் போர்டிலிருந்து கழன்று மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கழற்றிப் பார்த்தால் அடியில் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. துடைத்து, புதுப் பேஸ்ட் பயறளவு வைத்து, எதிரெதிர் கால்களாகப் பார்த்து அழுத்தினான், நாலும் டக் டக்கென்று விழுந்தன. செலவு பேஸ்டுக்குச் சில நூறு ரூபா. இந்தக் கடிதத்தை அடிப்பதும் அதே இயந்திரத்தில்தான்.

சும்மா இருக்கும்போது ஒழுங்காக ஓடி, கேம் தொடங்கினதும் அணைந்தால் பவர் சப்ளையின் லேபலைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 500 வாட் என்று போட்டிருப்பார்கள், அதை நம்பாமல் 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்று தேடுங்கள். அங்கே 18 என்றிருந்தால் 12 தர 18, வெறும் 216 வாட்தான். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் குடிக்கின்றன, பிறகு எப்படி நிற்கும்? மீற்றர் வைத்திருப்பவர்கள் 12 வோல்ட் வரும் மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் காட்டுகிறதா என்று பார்க்கலாம், ஆனால் சுமை இல்லாதபோது நல்லபிள்ளையாகக் காட்டிவிட்டுச் சுமை ஏறியதும் விழுகிற சப்ளைகள் நிறைய. அதனால் நன்றாக ஓடும் இன்னொரு சப்ளையைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. (பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் பெட்டிகள் பலவற்றின் இணைப்பு வேறு, சாதாரண சப்ளை பொருந்தாது, அடப்டர் வேண்டும்.)

சப்ளையை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். நம் ஊர் 230 வோல்ட் உள்ளே போய் 300 வோல்டுக்கு மேற்பட்ட நேரோட்ட மின்னாக (டி.சி) மாறி, மின்னைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர்களில் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அந்த மாதிரிக் கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரம்தான் சப்ளைகளுக்குக் கண்டம். கரண்ட் போனால் பிளக்கை இழுத்துவிட்டு, வந்து நிலைத்த பிறகு போடுங்கள்.

சில கடைக்காரர்களின் இன்னொரு வித்தை, விண்டோஸ் தானே எழுதி வைக்கும் நிகழ்வுப் பட்டியலில் சிவப்புக் குறியோடு இருக்கும் "கேர்னல் பவர் 41" பதிவைத் திறந்து காட்டி, பாருங்கள் சப்ளை போய்விட்டது, போர்ட் போய்விட்டது என்பார்கள். இயந்திரம் முறைப்படி மூடப்படாமல் நின்றது என்றுதான் அது சொல்கிறது, ஏன் நின்றது என்பதை அது சொல்லாது. வீட்டில் பிள்ளை பிளக்கை இழுத்தாலும் அதே பதிவு விழும்.

திருத்தும் கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விசயமில்லை. எதை எதை மாற்றிப் பரிசோதித்தீர்கள் என்று பற்றுச்சீட்டில் இரண்டு வரி எழுதுங்கள், கழற்றிய பழைய சாமானை வாடிக்கையாளரிடமே கொடுங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிறது, மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். போர்ட் உண்மையிலேயே போயிருந்தால், உப்பி வெடித்த கப்பாசிட்டரையோ கருகிய இடத்தையோ வாடிக்கையாளருக்குக் காட்ட முடியும்தானே. காட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும், வேறு சப்ளையும் வேறு ராமும் மாட்டிப் பார்த்தும் ஓடவில்லை என்று அவர் கண்முன்னாலேயே செய்து காட்டுங்கள், காசைத் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழும்பு 13.