கோம் ஓம்போ படித்துறையில் கைகொடுத்தவருக்கு

எகிப்தில் லக்சரிலிருந்து அஸ்வான் போகும் நைல் கப்பலில் அம்மாவோடு போயிருந்தேன். வழியில் ஒரு மாலை கோம் ஓம்போ என்ற ஊர். முதலைத் தெய்வம் சோபெக்குக்கும் பருந்துத் தலை ஹோரஸுக்கும் பாதிப்பாதியாகக் கட்டிய இரட்டைக் கோயில். பக்கத்து அருங்காட்சியகத்தில் முதலை மம்மிகளைப் பார்த்து நின்றதில் குழுவை விட்டுவிட்டோம். தப்பு என்னுடையதுதான்.

அங்கே கப்பல்கள் ஒன்றையொட்டி ஒன்றாக நிற்கும். நம் கப்பலுக்குப் போக மற்ற கப்பல்களின் வரவேற்பறைகளைத் தாண்டவேண்டும். திரும்பி வந்தால் வரிசையே மாறிக் கிடக்கிறது! முன்பே லக்சர் பக்கம் ராஜாக்கள் பள்ளத்தாக்கில் ஆறாம் ராம்செஸ் மன்னரின் கல்லறைச் சரிவில் இறங்கி ஏறியதிலேயே அம்மாவுக்கு முட்டி வீங்கியிருந்தது.

வேறொரு கப்பலில் சமையல் உடுப்போடு நின்றிருந்த அண்ணே, என் அறைச் சாவி அட்டையை வாங்கிப் பார்த்தீர்கள். அம்மாவை உட்காரவைத்துச் செம்பருத்தித் தேநீர் கொடுத்தீர்கள். அப்புறம் பலகைக்குப் பலகை அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டீர்கள். நாள் முழுக்கப் பக்‌ஷீஷ் என்னும் இனாம் பேச்சாகவே கேட்டிருந்த நான் பணத்தை நீட்டினேன். நெஞ்சில் கைவைத்து மறுத்துவிட்டீர்கள். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ரொம்ப நன்றி அண்ணே. வீட்டில் நான் போடும் செம்பருத்தித் தேநீரைக் குடித்துவிட்டு, "அந்தத் தம்பி போட்ட மாதிரி இல்லையே" என்கிறார் அம்மா.