டிர்க் நொவிட்ஸ்கிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

21 சீசன், ஒரே அணி, 31,560 புள்ளிகள். 2019-இல் ஓய்வு பெற்ற ஜெர்மன் கூடைப்பந்து வீரர் டிர்க் நொவிட்ஸ்கிக்கு அமெரிக்காவின் டாலஸ் ஊரே நன்றி சொல்லிவிட்டது. அவர் ஆடிய டாலஸ் மேவரிக்ஸ் அணியின் அரங்க வாசலில் சிலையே வைத்தாயிற்று. இந்த ஊருக்குப் பிழைக்க வந்து, அவர் ஆட்டத்தைப் பார்த்தே இதைச் சொந்த ஊராக்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அவரை ஆளாக்கியவர்களுக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதல் நன்றி ஹோல்கர் கெஷ்விண்ட்னர் ஐயாவுக்கு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனிக்காக ஆடியவர் நீங்கள். பதினாறு வயதில் ஒல்லியாக, நெடுநெடுவென்று நின்ற பையனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று தெரிந்ததும், நீங்களே வலியப் போய்ப் பொறுப்பேற்றீர்கள். பந்து எந்தக் கோணத்தில் கையை விட்டுப் போனால் வளையத்துக்குள் விழும் என்று கணக்குப் போட்டு அவர் கையைப் பழக்கினீர்கள். புத்தகம் படிக்க வைத்தீர்கள், சாக்ஸஃபோன் வாசிக்க வைத்தீர்கள். இத்தனைக்கும் கூலி என்று எதுவும் வாங்கவில்லை. 2007-இல் 67 வெற்றிகளோடு முதலிடம் பிடித்த மேவரிக்ஸ், கோப்பைக்கான அடுத்த கட்டத்தின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருதைக்கூட முகம் வாடித்தான் அவர் வாங்கினார். அப்போது அவரை ஆஸ்திரேலியாவின் வனாந்தரத்துக்கு அழைத்துப்போய் மனசைத் தேற்றியதும் நீங்கள்தான். இப்படி ஒரு குரு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, ஐயா.

மகனைக் கெஷ்விண்ட்னர் ஐயாவை நம்பி அனுப்பிய டிர்க்கின் பெற்றோர் ஹெல்கா அம்மாவுக்கும் யோர்க் ஐயாவுக்கும் நன்றி. ஹெல்கா அம்மாவே ஜெர்மன் அணிக்கு ஆடியவர்.

மேவரிக்ஸின் அன்றைய பயிற்சியாளர் டான் நெல்சன், அவர் மகன் டானி நெல்சன் இருவருக்கும் நன்றி. 1998-இல் பெயரே தெரியாத ஒரு ஜெர்மன் பையனை நம்பினீர்கள். முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 8.2 புள்ளிதான், ஊர் முணுமுணுத்தது, நீங்கள் கைவிடவில்லை. அதே ஆண்டு அணிக்கு வந்த ஸ்டீவ் நாஷுக்கும் நன்றி. புது ஊரில் தனியாகக் கிடந்தவருக்குத் துணையாக இருந்தீர்கள். ராத்திரியில் ஜிம்முக்குத் திரும்பிப் போய் இருவரும் ஷூட் செய்து பழகினீர்கள்.

சக வீரர் ஜேசன் டெரிக்கு எத்தனை சொன்னாலும் தகும். 2006 இறுதிப் போட்டியில் மியாமி அணியிடம் தோற்ற அணியில், 2011-இல் மிஞ்சியிருந்தது நீங்களும் டிர்க்கும் மட்டும்தான். இறுதிப் போட்டியில் எதிரே மறுபடியும் மியாமி. தொடரின் ஆறாவது ஆட்டம், முதல் பாதியில் டிர்க் 12 முறை எறிந்து ஒன்றுதான் விழுந்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பாதியில் மட்டும் 19 புள்ளி எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தினீர்கள். உங்கள் மொத்தம் 27. இரண்டாம் பாதியில் டிர்க் 18 எடுத்தார், 105-95 என்று கோப்பை டாலஸுக்கு வந்தது. இறுதிப் போட்டியின் நாயகன் விருது அவருக்குப் போனது, நியாயம்தான். ஆனால் அந்த முதல் பாதியை நான் மறக்கவே மாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் அழுகையை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டவரைச் சமாதானப்படுத்திக் கோப்பை வாங்க அழைத்து வந்த அணி அலுவலர்களுக்கும் நன்றி. அந்த முகத்தைப் பார்க்கத்தானே நாங்கள் காத்துக்கிடந்தோம்!

கெஷ்விண்ட்னர் ஐயா, டாலஸ் பக்கம் எப்போது வந்தாலும் எங்கள் வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு உண்டு. கட்டாயம் வாருங்கள்.

அன்புடன்,
டாலஸிலிருந்து ஒரு மேவரிக்ஸ் ரசிகன்