நன்கொடை மிதிவண்டிகள் நின்றுபோகாமல் ஓட வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
சிறு விவசாயிகள், விவசாயக் கூலித் தொழிலாளர்கள், கறவை மாடு வளர்ப்போர் சார்பில் கையொப்பமிட்டிருப்போர்

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
ஊரக வளர்ச்சித் துறை

பொருள்: விவசாயக் கிராமங்களுக்கு நன்கொடையாக வரும் மிதிவண்டிகளைத் தேர்ந்தெடுத்து வழங்க விதிமுறை வகுத்தல், பழுது நீக்கும் வசதியும் உதிரிபாகங்களும் கிடைக்கச் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொண்டு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் நல்ல மனம் கொண்ட தனி மனிதர்களும் விவசாயக் கிராமங்களுக்கு மிதிவண்டிகளை நன்கொடையாகத் தந்துவருகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். அந்த மிதிவண்டிகள் எங்கள் குடும்பங்களின் அன்றாடத்தை எப்படி மாற்றுகின்றன என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறோம். அவற்றில் பல, சில ஆண்டுகளுக்குள்ளேயே ஓட முடியாமல் சுவரில் சாத்தி வைக்கப்படுகின்றன. இந்த நிலையைத் தங்கள் துறை மனம் வைத்தால் மாற்றிவிடலாம் என்பதால் இந்த மனுவை அளிக்கிறோம்.

விவசாயக் குடும்பத்தின் நாளில் பெரும்பகுதி நடையிலேயே கழிகிறது. வீடு ஓரிடம், நிலம் ஓரிடம், தண்ணீர் வேறிடம். பள்ளிக்கூடம், சந்தை, ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் ஆளுக்கொரு திசையில் இருக்கும். பஸ் வந்தாலும் அது பிரதான சாலையோடு நின்றுவிடும். அதுவரை போவதற்கும் கால்தான். ஒருவர் சுமையில்லாமல் நடந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் போகலாம். அதே மண்பாதையில் மிதிவண்டியில் 12 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். 6 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்குப் போய்வர நடையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். மிதிவண்டியில் ஒரு மணி நேரம் போதும். மிச்சமாகும் நேரம் களை எடுக்கவும், மாட்டுக்குத் தீவனம் அறுக்கவும், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லவும் பயன்படும். வெயில் ஏறுவதற்கு முன் வயலில் இறங்கியாக வேண்டியவர்களுக்குக் காலையில் கிடைக்கும் முக்கால் மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதைத் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இதில் பாலின் கணக்கு தனிக் கணக்கு. கறந்த பால் மாட்டின் உடல் சூட்டோடு இருக்கும். அந்தச் சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சில மணி நேரத்திற்குள் குளிரூட்டும் நிலையத்திற்குப் போய்ச் சேராவிட்டால் புளிப்பேறி, கொண்டுபோனவர் கையிலேயே திரும்பி வந்துவிடும். தலையில் கேனை வைத்துக்கொண்டு நடப்பவரால் காலைப் பாலைத்தான் ஊற்ற முடியும். மாலையில் கறந்ததை ஊற்றிவிட்டு இருட்டில் அவ்வளவு தூரம் யார் திரும்பி வருவது? எனவே மாலைப் பால் வீட்டுச் செலவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வந்த விலைக்குப் போய்விடும். கேரியரின் இரு பக்கமும் கொக்கி போட்டு பக்கத்துக்கொரு கேனைத் தொங்கவிடும்படி ஒரு மிதிவண்டி இருந்தால், அதே மாடு, அதே தீவனம், ஆனால் இரண்டு வேளைப் பாலுக்கும் காசு வரும். அந்தக் காசில் அடுத்த கன்றுக்குக் கொட்டகை எழும்பும். கூலி வேலையை மட்டும் நம்பியிருந்த குடும்பம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

காய்கறி போடுகிறவர்களுக்கும் இப்படித்தான். வாகனம் இல்லாதவர் வயலோரம் வந்து நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டியாக வேண்டும். பறித்த காய் அடுத்த நாள் வரை காத்திருக்காது. மிதிவண்டி இருக்கிறவர் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு நேரே போகிறார். அங்கே விலை சரியில்லை என்றால் அடுத்த ஊருக்கும் போகிறார். வாங்க வருகிற வியாபாரிக்கும் இது தெரியும் என்பதால், வயலோரத்தில் சொல்லும் விலையே கொஞ்சம் ஏறிவிடுகிறது. திரும்பும்போது விதையோ உரமோ ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். மழை பெய்த மறுநாளே விதைக்க முடிகிறது. உழவில் இரண்டு நாள் தாமதம் சில சமயம் ஒரு போகத்தையே கெடுத்துவிடும் என்பது தங்கள் துறை அறியாததல்ல.

பெண்கள் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் அதிகம் நடப்பவர்கள் அவர்கள்தான். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், அப்போதைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான மிதிவண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஆண்கள் மிதிவண்டியிலேயே ஏறினார்கள். முன்னால் குறுக்குக் கம்பி இருப்பதால் குழந்தையை அதில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஒரு மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஆய்வுகளே இருக்கின்றன. பீகார் மாநில அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு மிதிவண்டித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் இருவரும், அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியதாகவும், சேர்க்கையில் ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டறிந்தார்கள். பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளியிருக்கும் ஊர்களில்தான் பலன் அதிகம் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் தொலைவிலிருந்து நடந்து வந்த மாணவிகளுக்கு மிதிவண்டி கொடுத்து நடத்திய ஆய்விலும், பள்ளிக்குப் போகும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பள்ளிக்கு வராத நாட்கள் கால் பங்குக்கும் மேல் குறைந்தன. விவசாயக் குடும்பத்தில் இதன் பொருள் எளிது. காலையில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, ஆட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, முதல் மணி அடிப்பதற்குள் ஒரு பெண் பிள்ளையால் வகுப்பில் உட்கார முடியும்.

மருத்துவத்துக்கும் மிதிவண்டி உதவுகிறது. ஊர் ஊராகப் போகும் சுகாதாரப் பணியாளர் ஒரே நாளில் கூடுதல் வீடுகளைப் பார்த்துவிடுகிறார். கால்நடை மருத்துவரை அழைத்துவர ஆள் ஓட வேண்டியதில்லை.

இத்தனை நன்மை தரும் பொருள் ஏன் நின்றுபோகிறது? மனுவின் மையமே இதுதான்.

பலமுறை பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். வெளியிலிருந்து வந்த மிதிவண்டியின் பின் டயர் வெடித்துவிடுகிறது. பக்கத்து ஊர்க் கடையில் 28 அங்குல டயர் கேட்டு வாங்கி வருகிறார்கள். மிதிவண்டியும் 28 அங்குலம் என்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் டயர் ரிம்மில் உட்கார மறுக்கிறது. மாட்டினால் தொளதொளவென்று கழன்று வருகிறது. காரணம், நம் பக்கத்துக் கனமான மிதிவண்டிகளின் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். வெளிநாடுகளிலிருந்து வரும் பல மிதிவண்டிகளில் அது 622 மில்லிமீட்டர். இரண்டையும் 28 அங்குலம் என்றே அழைக்கிறார்கள். 13 மில்லிமீட்டர் வேறுபாட்டில் நல்ல மிதிவண்டி ஒன்று முடங்கிவிடுகிறது. கியர் வைத்த மிதிவண்டிகளில் செயின் அகலம் குறைவு. அறுந்தால் ஊர்க் கடையின் செயின் அதில் ஏறாது. பெயின்ட் கூட மங்கியிருக்காது, பெல் ஒலிக்கும், ஆனால் ஓடாது. இதற்குக் கொடுத்தவர்களும் பொறுப்பல்ல, பெற்றவர்களும் பொறுப்பல்ல. எந்த அளவில் என்ன தேவை என்று நடுவில் இருந்து சொல்ல யாரும் இல்லை.

இன்னொன்று, மிதிவண்டியின் உறுதி பற்றியது. நகரத்துச் சாலையில் ஓர் ஆளைச் சுமக்கச் செய்த மிதிவண்டியில் நாங்கள் மூட்டை ஏற்றுகிறோம். எங்களுக்கு வேறு வழியில்லை. கேரியர் கம்பி வளைகிறது, ஆரக்கம்பிகள் ஒவ்வொன்றாக அறுகின்றன, சக்கரம் கோட்டமாகிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கையில் வாழ்வாதாரம் இழந்தவர்களுக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கப்பட்ட உலக மிதிவண்டி நிவாரண அமைப்பு, பின்னர் ஆப்பிரிக்க விவசாயப் பகுதிகளுக்கென்றே கனத்த மிதிவண்டி ஒன்றை வடிவமைத்தது. எருமை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைக் கொண்ட அந்த மிதிவண்டியின் பின் கேரியர் 100 கிலோ வரை தாங்கும். கியர் கிடையாது, பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும், பிரேக் ஒயர் அறுந்துபோகும் கவலையே இல்லை. பார்ப்பதற்கு அழகு குறைவுதான், ஆனால் வயல்வெளிக்கு அதுதான் ஏற்றது. அந்த அமைப்பு மிதிவண்டியோடு நிற்கவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்குப் பழுது நீக்கப் பயிற்சி தந்து, கருவிகளும் கொடுத்து, உதிரிபாகங்கள் அங்கேயே கிடைக்கவும் ஏற்பாடு செய்தது.

‘மோட்டார் சைக்கிள் வந்துவிட்ட காலத்தில் மிதிவண்டிக்கு ஏன் இவ்வளவு பாடு?’ என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். கேள்வி நியாயமானது. மோட்டார் சைக்கிள் இருக்கும் வீட்டிலும் அது பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கிறது. அவர் வெளியூர் வேலைக்குப் போனால் அதுவும் போய்விடுகிறது. பெட்ரோலுக்குக் காசு வேண்டும், ஓட்ட உரிமம் வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு அது உதவாது. அந்த வீட்டிலும் வயலுக்கும் சங்கத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் நடந்துதான் போகிறார்கள். வண்டியே இல்லாத வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்களிடம் பணிவுடன் வேண்டுகிறோம்.

நன்கொடை மிதிவண்டிகளைப் பெறுவதற்கு முன், எந்த அளவு ரிம், எந்த வகைச் செயின், எவ்வளவு சுமை தாங்கும் கேரியர் வேண்டும் என்பதை வரையறுத்து ஒரு பக்க அளவில் விவரக்குறிப்பு வெளியிட வேண்டும். கொடுக்க முன்வருவோர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்தே கொடுக்கட்டும். உள்ளூர்க் கடைகளில் உதிரிபாகம் கிடைக்காத மிதிவண்டியை, எவ்வளவு புதிதாக இருந்தாலும், ஏற்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறோம். இதைச் சொல்வதற்கு எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறோம்.

ஒவ்வொரு முறை மிதிவண்டி வழங்கும்போதும் டயர், டியூப், பிரேக் கட்டை, ஆரக்கம்பி, செயின், பால்ரஸ் (அச்சில் உருளும் இரும்புக் குண்டுகள்) ஆகியவற்றின் குறிப்பிட்ட இருப்பும் சேர்ந்து வர வேண்டும். சில கிராமங்களுக்கு ஒன்றாக ஒரு பழுது நீக்கும் நிலையம் அமைத்து, ஊர் இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, பஞ்சர் ஒட்டுவதிலிருந்து சக்கரத்தின் கோட்டம் எடுப்பது வரை பயிற்சி தர வேண்டும். கருவிப்பெட்டி துறையின் செலவில் இருக்கட்டும். வேலைக்கான கூலியை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். இலவசமாகப் பழுது பார்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் அந்தத் தொழிலாளியால் நீடித்திருக்க முடியாது.

யாருக்குக் கொடுப்பது என்பதை, கிராமக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பெயர்ப் பட்டியலைப் படித்து முடிவு செய்ய வேண்டும். தூரமே முதல் அளவுகோலாக இருக்கட்டும்: பள்ளியிலிருந்து, பால் சங்கத்திலிருந்து, சந்தையிலிருந்து யார் வீடு அதிகத் தொலைவோ அவருக்கு முதலில். குடும்பத்துக்கு வழங்கும் மிதிவண்டி அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் பதிவாக வேண்டும். பெண் பெயரில் இல்லாவிட்டால் அது அவர் கைக்கு வருவது அரிது என்பதை எங்கள் வீடுகளிலேயே பார்க்கிறோம். மாணவிகளுக்கு வழங்குவதில் ஜாம்பியாவின் முறை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அங்கே பள்ளிக்கு ஒழுங்காக வரும் மாணவிக்கு இரண்டு ஆண்டு முடிந்ததும் மிதிவண்டி சொந்தமாகிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் அடங்கிய உள்ளூர்க் குழு அதைக் கண்காணிக்கிறது. ஓட்டத் தெரியாத பெண்களுக்குக் கற்றுத்தர, மாலை நேரத்தில் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட உத்தரவிட வேண்டும்.

கடைசியாக, வழங்கி ஓராண்டு கழித்தும் மூன்றாண்டு கழித்தும் எத்தனை மிதிவண்டிகள் ஓடுகின்றன என்று துறை நேரில் வந்து கணக்கெடுக்க வேண்டும். வழங்கிய எண்ணிக்கை பதிவேட்டில் ஏறுகிறது. ஓடும் எண்ணிக்கையும் ஏற வேண்டும்.

இவற்றை எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க நிதி போதாது என்றால், தொலைவு அதிகமுள்ள சில கிராமங்களில் முதலில் தொடங்கலாம். பழுது நீக்கும் நிலையத்துக்கு இடமும், பொருள்களைப் பூட்டி வைக்க ஓர் அறையும் நாங்கள் தருகிறோம். பயிற்சிக்கு வர விரும்புவோரின் பெயர்களையும், ஓடாமல் நிற்கும் மிதிவண்டிகளின் ரிம் அளவு, பழுதின் வகை ஆகிய விவரங்களையும் இணைப்பில் வைத்துள்ளோம். எங்கள் பிரதிநிதிகள் தங்களை நேரில் சந்தித்து விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், விதைப்புப் பருவம் தொடங்குவதற்கு முன் இம்மனுவின் மீது உரிய ஆணை பிறப்பிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டிருப்போர்

இடம்:
நாள்:

இணைப்பு: 1. பயிற்சிக்கு விருப்பம் தெரிவித்தோர் பட்டியல். 2. பழுதடைந்து நிற்கும் மிதிவண்டிகளின் விவரம்.