மூன்று சுழியில் ஒன்றைக் காணோம்: என் லோகோ ஆர்டர் பற்றிய புகார்

வணக்கம்.

ஜூன் 3ஆம் தேதி லோகோவுக்காக உங்களிடம் 6,500 ரூபாய் கட்டினேன். மூன்று மாதிரி, இரண்டு திருத்தம் என்ற பேக்கேஜ். ஏழு வாரம் ஆகிவிட்டது, இன்னும் என் கையில் இருப்பது என் பெயரையே தப்பாக எழுதிய ஒரு ஜேபெக் படம்தான். சாட்டில் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் வந்து "என்ன பிரச்சினை மேடம்" என்று முதலிலிருந்து கேட்கிறார், அதனால் எல்லாவற்றையும் ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன். தயவுசெய்து தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் இதைக் கொடுங்கள்.

நான் ஈரோட்டில் வீட்டிலேயே ஆரி ஒர்க்கும் பிளவுஸ் தையலும் செய்கிறேன். கடைப் பெயர் என்று எதுவும் கிடையாது, "கண்மணி கிட்ட குடுங்க" என்று ஒருவர் சொல்லித்தான் இன்னொருவர் வருகிறார், அதனால் லோகோவும் என் பெயராகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஆரி ஊசி துணிக்கு அடியிலிருந்து நூலை வளையமாக மேலே இழுக்கும், அந்த வளையத்துக்குள்ளிருந்தே அடுத்த வளையம் வரும், இப்படிப் போவதுதான் சங்கிலித் தையல். என் பெயரில் ண இரண்டு முறை வருகிறது. அந்த ண-வின் மூன்று சுழியும் மூன்று சங்கிலித் தையலாகவும், ண் மேல் உள்ள புள்ளி துணியில் கோத்த ஒரு மணியாகவும் இருக்க வேண்டும் என்று பென்சிலில் வரைந்து, பக்கத்தில் விளக்கமும் எழுதி அனுப்பினேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்தது அது.

முதல் மாதிரியில் என் பெயருக்குக் கீழே "தையல்" என்ற சொல்லே உடைந்திருந்தது. த-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய், நடுவில் ஒரு புள்ளிவட்டம் வேறு. தமிழுக்குச் சரியாக அமைக்காத டிசைன் மென்பொருளில் டைப் செய்தால் இப்படி ஆகும் என்பது இங்கே சின்ன பிரிண்டிங் கடைப் பையனுக்குக் கூடத் தெரியும். இரண்டாவது மாதிரியில் ஒரு ரெடிமேட் ஊசி நூல் படம், அதை விட்டுவிடலாம். மூன்றாவதுதான் நான் கேட்டதுக்குப் பக்கத்தில் வந்தது, கோடு நன்றாக ஓடியிருந்தது, பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ண-வில் இரண்டு சுழிதான் இருந்தது. இரண்டு சுழி என்றால் அது ன. "கன்மனி" என்று ஒரு பெயர் கிடையாது.

உடனே உங்களுக்கு எழுதாமல், என் கண்ணுக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதோ என்று சோதித்துப் பார்த்தேன். லேபிள் அளவான 2 சென்டிமீட்டரில் பிரிண்ட் எடுத்து, அளவு கொடுக்க வந்தவர்கள் 14 பேரிடம் காட்டினேன். நல்லா இருக்கா என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், அதனால் "இதை வாசிங்க" என்று மட்டும் சொன்னேன். என்னைப் பல வருஷமாகத் தெரிந்த ஒன்பது பேரும் யோசிக்காமல் கண்மணி என்றார்கள், அவர்கள் எழுத்தைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்கள். புதிதாக வந்த ஐந்து பேரில் மூன்று பேர் தடுமாறினார்கள். அதில் ஒரு டீச்சரம்மா பேனாவை வாங்கி அவராகவே ஒரு சுழியைச் சேர்த்துவிட்டார். அந்தத் தாளைப் போட்டோ எடுத்துத்தான் உங்களுக்கு அனுப்பினேன்.

அதற்கு வந்த பதில், ரசனை ஆளுக்கு ஆள் மாறும், எங்கள் டிசைன் டீம் இதற்கு 5க்கு 4.5 கொடுத்திருக்கிறது, சுழியைக் குறைத்தது மாடர்ன் ஸ்டைல் என்று. அந்த டீமில் எத்தனை பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று கேட்டேன், அதற்கு இன்றுவரை பதில் இல்லை. இது ரசனை சம்பந்தப்பட்டது இல்லை. 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது ணா, ணை போன்ற எழுத்துகளின் பழைய வடிவம் மாறியது, ஆனால் ண-வின் மூன்று சுழியில் யாரும் கை வைக்கவில்லை. வைத்தால் அது வேறு எழுத்தாகிவிடும்.

அப்புறம் சுழியைச் சேர்த்து அனுப்பினீர்கள், புள்ளியை எடுத்துவிட்டீர்கள். "கணமணி" ஆகிவிட்டது. நான் கேட்ட மணியும் போயிற்று. இதோடு இரண்டு திருத்தமும் முடிந்தது, அடுத்த திருத்தத்துக்கு 1,500 ரூபாய் என்று சொல்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நிறத்தை மாற்று, கோட்டைத் தடிமனாக்கு என்று நான் கேட்டிருந்தால் அது என் திருத்தம். உங்கள் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டியதை என் கணக்கில் எப்படி எழுதலாம்? நான் பிளவுஸில் கையை மாற்றித் தைத்துவிட்டு, பிரித்துத் தைக்கக் கூலி கேட்டால் யாராவது கொடுப்பார்களா?

ஃபைல் விஷயமும் இருக்கிறது. நெய்த லேபிளுக்காகத் திருப்பூரில் கேட்டேன். படத்தைப் பார்த்ததும், பின்னால் வெள்ளைக் கட்டம் இருக்கிறது, தங்க நிறத்தில் போட்டிருக்கிற ஷேடு நூலில் வராது, பெரிதாக்கினால் ஓரம் உடைகிறது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத சிடிஆர் ஃபைலோ எஸ்விஜியோ வாங்கி வாங்கம்மா என்றார்கள். லேபிளுக்குத்தான் லோகோ என்று முதல் மெயிலிலேயே எழுதியிருந்தேன்.

இன்னொன்று, லோகோவை "பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று மட்டும் உங்கள் மெயிலில் இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றித் தர முடியும், எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என் பெயர் எனக்கு ஐந்து வருஷத்துக்கு மட்டும் வேண்டாம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். மூன்று சுழியும் புள்ளியும் சரியாக உள்ள லோகோ, கூடுதல் பணம் இல்லாமல். ஒரே நிறத்தில் ஒன்று, பின்னணி இல்லாமல் ஒன்று, இரண்டும் சிடிஆர், எஸ்விஜி ஃபைலாக. காலவரம்பு இல்லாத உரிமை மாற்றக் கடிதம், கையெழுத்தோடு. இதெல்லாம் முடியாது என்றால் 6,500 ரூபாயையும் திருப்பித் தாருங்கள், என் பென்சில் வரைபடத்தை வேறு யாருக்கும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதியும் கொடுங்கள்.

ஆகஸ்ட் 5 வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிவு செய்வேன், அங்கேயும் சரிவராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். பணம் கட்டிய ரசீது, சாட், மூன்று மாதிரி, டீச்சரம்மா திருத்திய தாள் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தத்துக்கு 22 பிளவுஸ் கையில் இருக்கிறது. அதிலாவது லேபிள் வைத்துக் கொடுக்க ஆசைப்படுகிறேன், சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கண்மணி (இரண்டு இடத்திலும் மூன்று சுழி ண)
ஈரோடு
ஜூலை 22