விலகலாம், ஆனால் சொல்லிவிட்டு விலக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடாப் பள்ளிகளில் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பும் ஆசிரியர்களைப் பற்றி முலுண்டு வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதிய கடிதத்தைப் படித்தேன். கையெழுத்துப் போட்டவர் காலம் முடியும் வரை இருந்துதான் ஆக வேண்டும், நடுவில் வருவது நம்பிக்கைத் துரோகம் என்கிறார் அவர். ஷார்ஜாவில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பல வருடம் வேதியியல் நடத்தியவள் நான். இப்போது செம்பூரில் இருக்கிறேன். தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கத்திலிருந்து பி.எட். முடித்த பெண்கள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் வாங்கும் அட்டஸ்டேஷனை எங்கே செய்வது, ஆஃபர் லெட்டரில் எதைப் பார்ப்பது என்று கேட்டு வீட்டுக்கு வருவார்கள். பாதியில் திரும்பியவர்களும் வருவார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் துரோகிகள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முலுண்டு வாசகர் சொன்னதில் சரியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். விடுமுறைச் சம்பளத்தையும் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, ஆகஸ்ட் கடைசியில் திரும்பிப் போகாமல் இருந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. வருபவருக்கு அது விடுமுறையின் முடிவு. பிள்ளைகளுக்கோ கல்வியாண்டின் நட்டநடு. அப்படி ஒருவர் விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்பை நான் ஏற்று நடத்தியிருக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் பல சோதனைகளுக்குக் கையெழுத்து இல்லை. உப்புப் பகுப்பாய்வு தொடங்கவே இல்லை. போர்ஷன் எதுவரை முடிந்தது என்று பார்க்க டைரியும் இல்லை. மின்வேதியியல் முடிந்துவிட்டது என்றான் ஒரு பையன். பாதிதான் நடந்தது என்றாள் பக்கத்து பெஞ்சுப் பெண். பிப்ரவரியில் போர்டு தேர்வு. புது ஆசிரியர் வேண்டுமென்றால் சான்றிதழ் அட்டஸ்டேஷன், விசா, அங்குள்ள கல்வித்துறையின் அனுமதி என்று வாரக்கணக்கில் இழுக்கும். அதுவரை அந்த வகுப்பை மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளும் சப்ஸ்டிட்யூஷன்தான். அந்தச் சுமை யாருக்கு? நம்மைப் போலவே குடும்பத்தை விட்டுவிட்டு வந்து வேலை பார்க்கும் சக ஆசிரியைகளுக்கு.

ஆகவே சொல்லாமல் போவது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முலுண்டு வாசகர் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறார்.

தாராவிப் பெண் ஒருத்தியின் காகிதங்களை என் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். மும்பையில் கொடுத்த ஆஃபர் லெட்டரில் ஒரு சம்பளம். அங்கே போனதும் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் மொத்தத் தொகை குறைந்திருந்தது. அதிலும் அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான், மீதி எல்லாம் அலவன்ஸ். வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதைக் குறைத்துக் காட்டினால் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு நடத்தப் போனவளைக் கேஜி வகுப்பில் போட்டார்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் மாலை, ஏஜென்ட் அலுவலகத்தில் ஒரு பாண்டு: இரண்டு வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம். ஒரிஜினல் பட்டச் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பெண் கோடை விடுமுறையில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஒப்பந்தத்தை முதலில் மீறியது யார்?

அங்குள்ள சட்டமே நிர்வாகங்கள் சொல்லிக்கொடுப்பதுபோல இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016 முதலே ஆஃபர் லெட்டரில் உள்ளதுதான் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். அந்த ஆஃபர் லெட்டரைத் தொழிலாளியின் மொழியிலும் தர வேண்டும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலத்தில் நாட்டை விட்டே போவதானால் 14 நாள் முன்பு எழுதிக் கொடுத்தால் போதும். அதன் பிறகு ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 முதல் 90 நாள் வரை நோட்டீஸ். விலகும் வழியும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதிதான். அந்த வழியாக வெளியே வருபவரை எப்படித் துரோகி என்பது?

விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதை அந்த வாசகர் ஆதாரமாகக் காட்டியிருந்தார். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்பது தீர்ப்பு, உண்மைதான். ஆனால் வங்கி அந்த நிபந்தனையை வேலைக்கான அறிவிப்பிலேயே போட்டிருந்தது. விண்ணப்பிக்கும்போதே தெரிந்துதான் சேர்ந்தார்கள். விமானத்துக்கு முந்தைய நாள், வேலையையும் விட்டு, கடனும் வாங்கி நிற்பவளிடம் நீட்டிய காகிதம் அதற்கு ஈடாகுமா?

என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். சம்பளம் வரவில்லையா, பேசியது ஒன்று கொடுப்பது ஒன்றா, அங்குள்ள அமைச்சகத்தில் முறையிட்டுவிட்டு நடுவருடத்திலும் வரலாம். வீட்டில் அப்பா, அம்மா படுத்துவிட்டார்களா, கிளம்பி வாருங்கள், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. ஆனால் அடுத்த தெருப் பள்ளியில் ஐந்நூறு திர்ஹாம் கூடக் கிடைக்கிறது என்பதற்காக போர்டு தேர்வு வகுப்பை நவம்பரில் விட்டுவிட்டுப் போவதை, நோட்டீஸ் ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மார்ச் வரை பொறுக்கலாம்.

கோலிவாடாப் பெண் ஒருத்திக்கு அக்டோபரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. நோட்டீஸ் காலம் முழுவதும் இருக்க முடியவில்லை. கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி உட்கார்ந்து, பாடவாரியாக எது முடிந்தது, எது பாக்கி, எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று எழுதி, இன்டர்னல் மதிப்பெண்களையும் போட்டு முடித்துத் துறைத் தலைவியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். புது ஆசிரியர் சேரும் வரை, சயான் மருத்துவமனையில் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஃபோனில் சந்தேகம் தீர்த்தாள். நிர்வாகம் கேட்கவும் இல்லை, காசும் இல்லை. அவளும் ஒப்பந்தம் முடியும் முன்பு வந்தவள்தான். அவளையும் அந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா?

நம் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "சொன்னா விடமாட்டாங்க, லீவுன்னு சொல்லிட்டு வந்துடு" என்று முதலில் யோசனை சொல்வது நீங்கள்தான். அந்தப் பயம் சில இடங்களில் நியாயமானது. ஆனால் ஒருத்தி அப்படி வந்துவிட்டால், அடுத்த வருடம் அதே பள்ளிக்குப் போகும் நம் ஊர்ப் பெண்ணிடம் டெபாசிட் கேட்கிறார்கள், விடுமுறைச் சம்பளத்தைத் திரும்பி வந்த பிறகுதான் தருவேன் என்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அதனால் கட்டட வேலைக்குப் போகும் படிக்காதவரின் ஒப்பந்தத்தைப் பார்க்கவாவது அரசாங்கத்தில் ஓர் அதிகாரி இருக்கிறார், பி.எட். படித்த ஆசிரியையின் ஒப்பந்தத்தை இங்கே யாருமே பார்ப்பதில்லை. மீதி இருப்பது ஏஜென்ட் மீதான கட்டுப்பாடுதான். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், விளம்பரத்தில் தன் உரிம எண்ணைப் போட வேண்டும். தங்கள் நாளிதழின் ஞாயிறு வரி விளம்பரங்களில் வளைகுடாப் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் தேவை என்று வருபவற்றில் பலவற்றுக்கு ஒரு கைப்பேசி எண் மட்டுமே இருக்கிறது. உரிம எண் இல்லாத விளம்பரத்தை இனி வாங்க மாட்டோம் என்று தாங்கள் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
செம்பூர், மும்பை